சொல்லியனுப்பும் கடமை

ஒருவருக்குச் செய்தி எட்டவில்லையெனில் அக்குற்றம் எவரைச் சாரும்? சொல்லக் கடமைப்பட்டவரையா, கேட்டறிய வேண்டியவரையா? பார்வைக்கு இது சிறு கேள்வி. இரண்டு வார்த்தையில் தீர்த்துவிடக் கூடியது என்றே பலரும் எண்ணுவர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் கைப்பேசியும், அதனுள் நாளொரு பெயரும் பொழுதொரு கோலமுமாக வந்திறங்கும் உரையாடற் கருவிகளும் நமது இல்லங்களிற் குடிபுகுந்த பின்னர், முன்னோர் கண்ட விடை இக்கேள்விக்குப் பொருந்தாமற் போயிற்று. புதிய விடையை நாம் இன்னும் தேடிக்கொள்ளவில்லை. தேடாமலே நாட்களைக் கடத்துவதனால் விளையும் தீங்கு சிறிதன்று என்பதை ஒரு நிகழ்ச்சி நமக்கு உணர்த்திற்று.

போர்டிக்சன் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் பால்மரம் சீவிப் பின்னர்த் தண்டலாக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், ஒரு நாள் விடியற்காலையில் காலமானார். அத்தோட்டத்து அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்துவரும் நாமே, தோட்டத்தார்க்கென அமைந்த புலனக் குழுவையும் நடத்தி வருகிறோம். காலை 7 மணிக்குள் அவருடைய படத்தையும் அடக்க நேரத்தையும் குழுவில் இட்டோம். இருநூற்றுக்கு மேற்பட்டோர் கண்டனர். கைகூப்பிய சின்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. பிற்பகலில் கூட்டமும் குறைவின்றிக் கூடிற்று. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினோம்.

ஒன்பதாம் நாள் சிலியாவ் பக்கத்திலிருந்து பேருந்தேறிப் பெரியவர் ஒருவர் வந்தார். இறந்தவரும் அவரும் இளமையில் அடுத்தடுத்த நிரையில் மரம் சீவியவர்கள். இவர் மகனுக்குப் பெயர் வைத்தவர் அவர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் முறுக்குமாக நண்பரைப் பார்க்க வந்தவர், வாயிலில் மாலையிட்டிருந்த படத்தைக் கண்டே செய்தியை அறிந்தார். பிறகு அலுவலகத்துக்கு வந்து நம் எதிரில் அமர்ந்தார். நெடுநேரம் பேச்சில்லை. "ஏன் தம்பி, சாவுக்குச் சொல்லிவிடக்கூட ஆள் இல்லாமப் போச்சா?" என்று கேட்டார். "புலனத்தில் போட்டோமே, பெரியப்பா" என்றோம். அவர் சட்டைப்பையிலிருந்து விசைகள் தேய்ந்த பழைய கைப்பேசி ஒன்றை எடுத்து மேசையின்மேல் வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அக்கைப்பேசியின் எண் நமது பதிவேட்டில் இருந்தது. அவருடைய சேமநிதித் தாள்களை நிரப்பிக் கொடுத்தவர்களும் நாமே. அன்று காலை ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் நண்பரின் முகத்தை அவர் கடைசி முறை கண்டிருப்பார்.

இதனைப் பிறரிடம் கூறியபோது இருவகை மறுமொழிகள் வந்தன. இளைஞர் சிலர், "காலம் ஓடுகிறது, ஓட மாட்டேன் என்று நிற்பவருக்காக எவரும் காத்திருக்க இயலுமா? கற்றுக்கொள்ளாதது அவர் பிழை" என்றனர். முதியோர் சிலரோ, "பறை முழங்கி, ஆள் நடந்து, வீட்டுக்கு வீடு சொல்லிவந்த காலத்தில் இப்படி நேர்ந்ததுண்டா? இந்தப் பாழும் கருவி வந்து மனிதனை மனிதனிடமிருந்து பிரித்துவிட்டது" என்று பெருமூச்செறிந்தனர். இவ்விரண்டிலும் நமது உள்ளம் ஒன்றவில்லை.

முதியோர் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆள் நடந்து சொன்ன காலம் என்கிறார்களே, நடந்த அந்த ஆள் யார்? ஊரில் எவர் இறப்பினும் அச்செய்தியைச் சுமந்து செல்வது இன்னாருடைய பிறவிக் கடமை என்று ஒரு வகுப்பாரின் தலைமேல் ஏற்றி வைத்திருந்தோம். வெயிலானாலும் மழையானாலும் அவன் நடக்க வேண்டும். சென்ற வீட்டின் திண்ணையில் ஏறலாகாது. முற்றத்தில் நின்றே சொல்ல வேண்டும். சொன்னபின் ஒரு படி அரிசியோ சில காசோ அவன் துண்டில் விழும். கடல் கடந்து வந்தால் சாதி கரைந்துவிடும் என்பர் சிலர். அதுவோ நம்மோடு கப்பலேறியே வந்தது. லயங்களையே சாதிக்கொன்றாகப் பிரித்து வைத்த தோட்டங்கள் இந்நாட்டில் இருந்தன. சாவுப் பறையை யார் அடிப்பது என்பதில் இங்கும் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. அந்த மனிதனை அவ்விழிவினின்றும் விடுவித்ததில் கல்விக்கும் கிளர்ச்சிக்கும் பங்குண்டு, தொலைபேசிக்கும் பங்குண்டு. ஆகையால் பழைய முறை போயிற்றே என்று நாம் கண்ணீர் வடிக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இது நம்முடைய தொழிலையே சார்ந்தது. பழைய நாளில் கிராணியின் அதிகாரம் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருக்கவில்லை. தபாற் பையிலும் இருந்தது. சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கப்பலில் வந்த கடிதங்களைப் படித்துச் சொல்பவன் அவனே. மறுமொழி எழுதுபவனும் அவனே. தன் மனைவிக்குத் தான் சொல்ல விரும்பியதை மூன்றாமவன் ஒருவன் காதிற் போட்டாலன்றி ஊருக்கு அனுப்ப இயலாத நிலையில் ஓர் ஆண்மகன் இருந்தான். தகப்பன் இறந்த செய்தியையும் அந்நியன் வாயாலேயே கேட்டான். அலுவலகத்து மேசைக்கு இப்புறம் இருந்தவன் ஆங்கிலம் படித்தவன், அப்புறம் நின்றவன் எழுத்தறியாதவன் என்ற அந்த வேற்றுமையால் விளைந்த சிறுமைகளை எல்லாம் எழுதப் புகுந்தால் ஏடு போதாது. இன்றோ செம்பனைக் காட்டில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தொழிலாளி, இரவில் தன் மகளின் முகத்தைத் திரையிற் கண்டு, தன் மொழியில், தானே பேசுகிறான். நடுவில் கிராணி இல்லை. இதைவிட நல்ல சீர்திருத்தம் எந்தத் தீர்மானத்தால் கிடைத்திருக்கும்?

ஆகவே கருவியின்மேல் நமக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் இளைஞர்கள் சொல்லும் விடையில் நியாயம் இருக்கிறதா?

நமது சமூகம் சொல்லப்படாத சாவை அறிந்த சமூகம். ஜப்பானியர் ஆட்சியில், சயாம்-பர்மா இரயில் பாதை அமைப்பதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். காலராவாலும் பசியாலும் அடியாலும் அவர்களுள் மிகப் பலர் காட்டிலேயே மடிந்தனர். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பட்டியல் இருந்தது. கல்லறையும் பின்னர் எழுந்தது. நம்மவர்க்கு அத்தகைய பட்டியலும் இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை. 1945-இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினர். திரும்பாதவர் வீட்டில் என்ன நடந்தது? தாலியைக் கழற்றுவதா வேண்டாவா என்று அறியாமலே ஆண்டுகளைக் கழித்த பெண்களைப் பற்றித் தோட்டத்துப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இறப்பைக் காட்டிலும், இறந்தார் என்று ஒருவரும் வந்து சொல்லாமை அவர்களை அதிகமாக வாட்டிற்று. அன்று அப்பெண்களை நோக்கி, "கேட்டறிய வேண்டியது உங்கள் பொறுப்பு" என்று ஒருவன் கூறியிருந்தால் அவனை மனிதன் என்போமா? எவன் அழைத்துச் சென்றானோ, எவன் கையில் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டுமோ, அவனே சொல்லக் கடமைப்பட்டவன். பெயரேடு வைத்திருப்பவனையே கடமை பற்றி நிற்கும். நமது மேசையில் பெயரேடு இருந்தது.

இளைஞர் கூற்றிற் பாதி உண்மை இல்லாமலில்லை, அதனையும் மறைக்கலாகாது. புதுக் கருவியைக் கைக்கொள்ள மறுத்த சமூகம் ஏமாந்து போகும் என்பதை இந்நாட்டு வரலாறே காட்டும். 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணிக்குப் பல்லாயிரம் தமிழர் திரண்டனர். அவ்வழைப்புத் தோட்டங்களையும் புறநகர்க் குடியிருப்புகளையும் எட்டியதற்குக் கோயிற் கூட்டங்கள் ஒரு காரணம் எனில், கைப்பேசிக் குறுஞ்செய்தி மற்றொரு காரணம். அடுத்த ஆண்டு மார்ச்சுத் தேர்தலில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை ஆளுங்கட்சி இழந்தபின், இணையப் போரில் தாங்கள் தோற்றதை அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவியே ஒப்புக்கொண்டார். நாளேடும் தொலைக்காட்சியும் கையில் இருந்தால் போதும் என்று அவர்கள் எண்ணியிருந்தனர். 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இன் தொடக்கத்தில் நின்றுபோனபோது, அதன் பக்கங்களில் இரங்கற் செய்தி பார்த்தே பழகிய முதியோர்க்கு ஒரு சன்னல் அடைபட்டது போலாயிற்று. அவர்களுள் எத்தனை பேர்க்கு வேறு சன்னலைத் திறந்து காட்டினோம்? கல்லாமை பெருமையன்று. கற்க மறுப்பதும் பெருமையன்று.

ஆனால் நம் பெரியவர் கற்க மறுத்தவர் அல்லர். இதனைப் பின்னர்த்தான் அறிந்தோம். பத்தாண்டுகளுக்கு முன் பேத்தியிடம் திறன்பேசி பிடிக்கப் பழகினார். முகநூலிற் கணக்கும் தொடங்கினார். பேரப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நாட்களைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. அவர் நன்கு பழகி முடித்த வேளையில் பிள்ளைகள் அங்கே இல்லை, படவரிக்குப் போய்விட்டனர். பிறகு டிக்டாக்குக்குச் சென்றனர். குடும்பச் செய்திகள் புலனத்துக்குக் குடிபெயர்ந்தன. 2021-இன் இறுதியோடு இந்நாட்டில் மூன்றாம் தலைமுறை அலைவரிசையை நிறுத்தினார்கள் அல்லவா? அவர் வைத்திருந்த கருவியில் அதன்பின் இணையம் வரவில்லை. புதியது வாங்கப் பணமும் இல்லை. மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க மனமும் இல்லை. "ஏறின படகு அக்கரை போறதுக்குள்ள துறையையே மாத்திட்டாங்க தம்பி" என்றார். இவரையா பின்தங்கியவர் என்று ஏசுவது?

மாற்றம் என்ற பெயர் பெற்றதெல்லாம் முன்னேற்றம் ஆகிவிடாது. எந்த மாற்றம் எவருடைய சுமையைக் குறைக்கிறது என்று பார்த்தே மதிப்பிட வேண்டும். நமது மொழியிலேயே இதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. பெரியார் 1935-இல் குடி அரசு ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். ணா, றா, னா, லை, னை முதலிய எழுத்துக்களின் பழைய வடிவங்களை மாற்றியதனால் கற்கும் குழந்தைக்கு நினைவிற் கொள்ள வேண்டியவை குறைந்தன. அச்சுக் கோப்பவனுக்கும் அறைகள் குறைந்தன. தமிழ்நாட்டரசு அதனை ஏற்று ஆணையிட்டது 1978-இல். நாற்பத்து மூன்று ஆண்டுகள்! அதற்குள் எவ்வளவு வாதம், எவ்வளவு ஏச்சு! இவ்வளவு தாமதம் நல்லதென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அந்நாற்பத்து மூன்று ஆண்டுகளில், ஏன் மாற்ற வேண்டும் என்று மாற்றியவர்கள் மக்களுக்கு விளக்கிக்கொண்டே இருந்தனர்.

தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைத்த இரா. முத்தையா, 1907-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து எழுத்தராய் உழைத்தவர். நமது இனத்தார் வேலை செய்த மேசைகளில் ஆங்கிலப் பொறிகளே ஒலிப்பதைக் கண்டு, தமிழும் அவ்விசைகளில் ஏற வேண்டுமென்று பாடுபட்டார். இந்நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல் கணினியில் தமிழை ஏற்றிற்று. அவருடைய செல்லினம் கைப்பேசியிலும் ஏற்றிற்று. (இத்தனைக்குப் பிறகும் நம் பிள்ளைகள் 'சாப்பிட்டாயா' என்பதை ஆங்கில எழுத்திலேயே தட்டுகிறார்கள் என்பது நமது மனக்குறை, அது நிற்க.) இவர்கள் செய்த மாற்றங்களெல்லாம் வெளியே நின்றவரை உள்ளே அழைத்தவை.

இன்றைய உரையாடற் கருவிகளின் மாற்றமோ வேறு வகையது. அவற்றை நடத்தும் நிறுவனங்களுட் பெரும்பாலானவை விளம்பரத்தால் வாழ்கின்றன. விளம்பரமோ நம் கண்கள் திரையைவிட்டு அகலாதிருக்கும் நேரத்தால் வாழ்கிறது. ஆகவே, பொத்தானின் இடம் மாறுவதும், படம் ஓடும் வரிசை மாறுவதும், நேற்றுவரை நண்பர் செய்தி வந்த இடத்தில் இன்று முன்பின் அறியாதவன் ஆடிக் காட்டுவதும், பெரும்பாலும் கற்பவர் சுமையைக் குறைப்பதற்காக நிகழ்வன அல்ல. இத்தகைய மாற்றங்கள் ஒவ்வொன்றையும் துரத்திக்கொண்டு ஓடுவது அறிவுக்கு அடையாளம் என்று நாம் ஒப்பமாட்டோம். அதிலே தோற்றவர் உண்மையில் ஒன்றிலும் தோற்றவர் அல்லர்.

அப்படியானால் எந்த மாற்றத்தைத் தொடர வேண்டும்? நாம் பேச வேண்டிய மனிதர் எங்கே இருக்கிறாரோ, அங்கே செல்லும் வழியைத் தொடர வேண்டும். அவர் டிக்டாக்கில் இருந்தால் அதையும் கற்க வேண்டியதே. வீட்டைவிட்டுப் போன மகனின் முகம் அங்கேதான் தெரியுமெனில், அதனைக் கற்றுக்கொள்ளும் தாயை எவரும் நகைக்க வேண்டா. அவர் பொத்தான் கைப்பேசியில் இருந்தால் அதிலே அழைக்க வேண்டும். அதுவும் இல்லையேல் இரண்டு கால்கள் இருக்கின்றன.

அரசு அலுவலகங்கள் இதனை மறந்துபோவதை நம்மைப் போன்ற எழுத்தர்கள் அன்றாடம் காண்கிறோம். 2024 ஜனவரி 2 முதல் மார்ச்சு 31 வரை மலேசியர் அனைவரும் தங்கள் விவரங்களை முதன்மைத் தரவுத்தளம் ஒன்றில் பதிய வேண்டுமென்று அரசு கேட்டுக்கொண்டது. மலாய்ச் சுருக்கத்தில் அதன் பெயர் 'பாடு'. நம் மொழியில் அச்சொல் எதைக் குறிக்கும் என்று பெயரிட்டவர் அறியார். மாலை வேளைகளில் நமது மேசையின்முன் வரிசையாய் நின்ற மூதாட்டிகள் நன்கு அறிவர். கடவுச்சொல் வேண்டும், மின்னஞ்சல் வேண்டும், முகத்தைப் படம் பிடிக்க வேண்டும். ஐம்பதாண்டு மரம் சீவிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும். கண்ணிற் புரை படர்ந்திருக்கும். கைப்பேசியை நீட்டி, "இதுல நான் இருக்கிறேனான்னு பாருங்க கிராணியாரே" என்றார் ஒரு பாட்டி. கடிதம் படித்துச் சொன்ன பழைய கிராணியின் நாற்காலியில் மீண்டும் நாம் அமர்ந்துவிட்டோமே என்று அன்று நமக்கு வெட்கமாயிருந்தது.

இதனோடு மற்றொன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 31 முதல், 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் 100 ரிங்கிட் உதவித் தொகையை அடையாள அட்டையிலேயே அரசு வழங்கிற்று. கடைக்குச் சென்று அட்டையை நீட்டினாற் போதும். அரிசியும் எண்ணெயும் வாங்கலாம். கணக்குத் தொடங்க வேண்டா, திறன்பேசி வேண்டா. முதல் நாளில் கருவி தடுமாறிக் கடைகளில் கூட்டம் நின்றது மெய்யே. ஆயினும் அதே பாட்டி நம்மிடம் வராமலே அரிசி வாங்கிச் சென்றார். இரண்டும் மின்னியற் கருவிகளே. ஒன்று மனிதரைத் தன்னிடம் வரச் சொல்லிற்று; மற்றொன்று, ஏற்கெனவே அவர் மடியில் இருந்த அட்டையைத் தேடிச் சென்றது.

புலனத்தைக் குறை கூறுவதே நமது நோக்கம் என்று எவரும் கொள்ள வேண்டா. 2013-இல் அதில் குரற்பதிவு வந்தது. பெரிய பெரிய அறிஞர்கள் அதனைப் பொருட்படுத்தினார்களோ என்னவோ, நமது லயத்துப் பெண்களுக்கு அது எழுதுகோல் கிடைத்தது போலாயிற்று. பள்ளிக்கூடம் காணாத ஒருத்தி, யாரையும் எழுதித் தரும்படி கேளாமல், தன் குரலிலேயே, தன் சினத்தோடும் சிரிப்போடும், சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுக்குச் செய்தி அனுப்புகிறாள். பின்னால் கோழி கூவுவதும் பக்கத்து வீட்டு வானொலியும் சேர்ந்தே செல்கின்றன. மகன் அதனை அழிக்காமல் வைத்திருக்கிறான். எழுத்தறிவின்மை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இருகருத்து இல்லை. அது ஒழியும்வரை எழுத்தறியாதவர் ஊமையாக இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் தகர்ந்தது நன்றே.

சொல்லியனுப்புவதில் மற்றொரு பகுதி உண்டு, அது பொறுப்பு. முற்றத்தில் நின்று சொன்ன மனிதனை நாம் இழிவாக நடத்தினோம். ஆயினும் அவன் சொன்ன செய்தி பொய்த்ததில்லை. பொய்த்தால் கேட்க அவன் முகம் இருந்தது. இப்போது முகமில்லாத செய்தி ஆயிரம் கைகளில் மாறி மாறிப் பறக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் அருகே அத்திமூரில் நிகழ்ந்ததை நம் நாட்டினர் மறந்திருக்கலாகாது. சென்னையைச் சேர்ந்த அறுபத்தைந்து வயது அம்மையார், மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினருடன் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியிற் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி அப்பகுதிக் கைப்பேசிகளில் முன்னரே பரவியிருந்தது. கூட்டம் கூடி அடித்தது, அம்மையார் மாண்டார், உடன் வந்தோர் படுகாயமுற்றனர். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறைய மிட்டாய் வாங்கிச் செல்லாத மலேசியத் தமிழர் உண்டா? அன்பிற்கு அடையாளமாகக் கொண்டுபோன பொருளே சாவுக்குச் சாட்சியாயிற்று. அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ளிவிட இயலாதபடி அந்நிறுவனம் வரம்பு கட்டிற்று. வரம்பு நல்லதே. ஆனால் முதலில் அதனை எழுதியவன் யார், தள்ளிவிட்டவர்களுள் எத்தனை பேர் அன்றிரவு உறங்கினர் என்பதற்கு எந்த வரம்பும் விடை தராது.

இந்நாட்டிலும் 2024 ஜூலையில், இணையத்தில் ஓயாது வீசப்பட்ட வசைமொழியைத் தாங்காமல் நம் இனத்து இளம்பெண்ணொருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். அவ்வழக்கில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 100 ரிங்கிட் என்று கேட்டு நாடே திடுக்கிட்டது. 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டம் அதற்குமேல் இடந்தரவில்லை. மறு ஆண்டில் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. கருவி வந்து நெடுங்காலம் கழிந்தபின்னரே சட்டம் அதனைத் தேடி வந்தது என்பதைக் குறிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அப்பெண்ணின் துயரை நமது வாதத்துக்குத் தூணாக்க விருப்பமில்லை.

மீண்டும் நமது மேசைக்கு வருவோம். பெரியவர் வந்து சென்ற வாரத்தில் பதிவேட்டைப் புரட்டி, புலனக் குழுவில் இல்லாதவர் யார் யார் என்று பெயர் எழுதினோம். பதினொரு பெயர்கள் வந்தன. பழைய தொழிலாளர் எழுவர். பிள்ளை காப்பகத்தில் ஆயாவாக இருந்தவர் ஒருவர். கண்பார்வை இழந்தவர் ஒருவர். கணவனோடு மனத்தாங்கலால் கைப்பேசியே வேண்டாவென்று வைத்துவிட்ட பெண்ணொருத்தி. லுக்குட்டில் மகள் வீட்டில் இருக்கும் முன்னாள் ஓட்டுநர் ஒருவர். இவர்களுக்கு நேரிலோ தொலைபேசியிலோ சொல்வது எவர் வேலை என்று இளைஞர் கூட்டத்தில் கேட்டோம். ஒருவன், "அந்தக் காலத்தில் இதற்கென்று ஆள் இருந்தார்களே, அந்தக் குடும்பத்தார் இன்னும் இங்கேதானே இருக்கிறார்கள்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். கூட்டம் அமைதியாயிற்று. அக்குடும்பத்துப் பையன் அங்கேயே அமர்ந்திருந்தான். செரம்பானில் கணக்காளருக்குப் படிப்பவன். அவன் சிரித்துக்கொண்டே, "நான் எழுதிக் கொடுக்கிறேன் அண்ணே, நீங்கள் மோட்டார் சைக்கிளை எடுங்கள்" என்றான். அன்றே முறை வைத்துப் பட்டியல் எழுதியாயிற்று. எல்லா வீட்டாரும் அதில் உண்டு. வாய்தவறிய பையனின் பெயர் முதலில் நிற்கிறது. எழுதிக் கொடுத்தவன் தன் பெயரையும் விட்டுவிடவில்லை, ஏழாவதாக இட்டிருக்கிறான்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பெருமை பேச வரவில்லை. இரண்டு முறை முறைகாரன் மறந்துவிட்டான். ஒரு வீட்டார், "எங்களுக்கு நீங்கள் வந்து சொல்ல வேண்டியதில்லை" என்று கதவை மூடினர். பழைய பகை ஏதோ இருந்திருக்கிறது. கண்பார்வை இழந்தவரோ செய்தி கொண்டுவரும் பையனை ஒரு மணி நேரத்துக்குமுன் விடுவதில்லை. அவனும் இப்போது தேநீர் நேரம் பார்த்தே போகிறான்.

சென்ற மாதம், பட்டியலில் இருந்த ஆயா அம்மாவே இறந்துபோனார். பதினொன்று பத்தாயிற்று. குழுவில் படத்தை இடுவதற்கு முன்னர், சிலியாவ் பெரியவரின் எண்ணை அழைத்தோம். மூன்றாம் மணியில் எடுத்தார். சொன்னோம். சிறிது நேரம் மூச்சொலி மட்டும் கேட்டது. "நல்ல மனுஷி... எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க தம்பி?" என்றார். "மூன்று மணிக்குப் பெரியப்பா." "அப்ப பதினொரு மணி பஸ்ஸுக்கே வந்திடறேன்" என்று வைத்துவிட்டார். பதினொன்றரைக்கெல்லாம் பந்தலின் முதல் வரிசையில், வெள்ளைச் சட்டையோடு அமர்ந்திருந்தார்.